இரண்டே சால்வைகள்

எங்கள் மாமாவின் கையில் மைக்கைக் கொடுத்தால் திரும்ப வாங்குவது கஷ்டம். அம்மாவின் தம்பி என்பதால் வீட்டில் யாரும் இதை வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள். நைனா மட்டும் அம்மா இல்லாத நேரம் பார்த்துச் சொல்வார். இருந்தாலும் ஒவ்வொரு வருஷமும் எங்கள் ஊர்ப் பாட்டு விழாவில் மைக் மாமாவிடம்தான் இருக்கும். வேறு யாருக்கும் மேடையில் நின்று பேச வராது. விழாவை ஆரம்பித்ததே நைனாதான், ஆனால் அவருக்குப் பேன்ஜோ வாசிக்கத்தான் தெரியும். பேன்ஜோ என்றால் ஒரு கையால் பொத்தான்களை அமுக்கிக்கொண்டே மறு கையால் கம்பியை மீட்டுகிற பெட்டி வாத்தியம். அதை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஊரையே கட்டிப்போடுவார். எழுந்து நான்கு வார்த்தை பேசச் சொன்னால் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

எங்கள் ஊர் செஞ்சிக்கும் வல்லத்துக்கும் நடுவே உள்ளடங்கிக் கிடக்கிறது. மே மாதம், பள்ளிக்கூடம் லீவு விட்டு, வேர்க்கடலையெல்லாம் பிடுங்கி முடித்த பிறகு மாதா கோயிலை ஒட்டிய களம் காலியாகிவிடும். அங்கேதான் இரண்டு நாள் சாயங்காலம் பாட்டு விழா. எங்கள் கோயில் பாடகர் குழு பாடும், அவலூர்பேட்டையிலிருந்து பஜனைக் கோஷ்டி வரும், பம்பைக்காரர்கள் வருவார்கள், டோலக்கை முதுகில் கட்டிக்கொண்டு சைக்கிளிலேயே ஒருத்தர் வருவார். டிக்கெட் கிடையாது. பாட வருகிறவர்களுக்குச் சம்பளமும் கிடையாது. சோறும் பாயும் உண்டு. எந்த சாமி பாட்டு, எந்த ஊர் பாட்டு என்றெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள். பாட்டு நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது நினைத்துப் பார்த்தால், அந்த விழாவை நடத்தியவர்கள் யாருக்குமே பாடத் தெரியாது. சாம்பார் வைக்கிற அத்தைக்குத் தெரியாது. பாடகர்களை ஏற்றிக்கொண்டு வருகிற வேன் டிரைவருக்குத் தெரியாது. தன் மோட்டார் கொட்டகையிலிருந்து கரண்ட் இழுத்துக் கொடுக்கிற பெரியவருக்குக் காதே பாதிதான் கேட்கும். டிராக்டரில் டேங்கரை மாட்டி இரண்டு நாளும் குடிதண்ணீர் கொண்டுவருகிறவர், தண்ணீரை இறக்கிவிட்டு அடுத்த நடைக்குப் போய்விடுவார். ஒரு முழுப் பாட்டை அவர் உட்கார்ந்து கேட்டு நான் பார்த்ததில்லை. மைக் செட் அண்ணன் கேட்பார், ஆனால் அவர் கேட்பது பாட்டை அல்ல, இரைச்சலை. இவர்களில் ஒருத்தர் மனம் கோணினாலும் விழா படுத்துவிடும். ஒருத்தரும் கை நீட்டிக் கூலி வாங்கியதில்லை. நான் இன்றைக்கு நாலு ராகம் அடையாளம் கண்டு தலையாட்டுகிறேன் என்றால் அது இவர்கள் போட்ட பிச்சை. இதைச் சொல்வதற்கு எனக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

நான் ஆறாம் வகுப்புக்குப் போக இருந்த வருஷம் அந்த விழா நின்றுபோகப் பார்த்தது. காரணம் மாமாதான். அதற்கு முந்தின வருஷ விழாவின் கடைசி நாளில் அவர் நன்றியுரை சொன்னார். பங்குச் சாமியாருக்கு நன்றி சொன்னார், பஞ்சாயத்துத் தலைவருக்கு நன்றி சொன்னார், மழை பெய்யாத வானத்துக்கும் நன்றி சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். இரவெல்லாம் நமக்கு வெளிச்சம் தந்த நிலாவுக்கும் நன்றி என்றார். அன்றைக்கு நிலாவே இல்லை. டியூப் லைட் கட்டியிருந்த மைக் செட் அண்ணன் இதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். மாமா "நன்றி, வணக்கம்" என்று முடித்தபோது சத்தம் வெளியே வரவில்லை. அண்ணன் ஒயரைப் பிடுங்கி முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

மறுநாள் நைனா அவர் வீட்டுக்குப் போனார்.

"நிலாவைக் கூப்பிட்டே மைக் கட்டிக்க மச்சான். நான் வரல" என்று சொல்லிவிட்டாராம்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. விஷயம் பரவியதும் மற்றவர்களுக்கும் அப்போதுதான் உறைத்தது. "அவன் சொன்னதுல தப்பு இன்னா இருக்குது? என் பேரையுந்தான் சொல்லல" என்றார் சாம்பார் அத்தை. வேன் டிரைவருக்கும் அதே நினைப்பு. பெரியவருக்கு யாரோ காதில் உரக்கக் கத்திச் சொன்னார்கள். நைனா அந்த வருஷம் முழுக்க வீடு வீடாக நடந்தார். கடைசியில் ஒரு வாக்குக் கொடுத்து அத்தனை பேரையும் சம்மதிக்க வைத்தார். இந்தத் தடவை பெரிய மனிதர் யாருக்கும் மரியாதை கிடையாது. முதல் நாள் சாயங்காலம் பாட்டு ஆரம்பிக்கும் முன்னாலேயே, உழைக்கிறவர்களை ஒவ்வொருத்தராக மேடைக்குக் கூப்பிட்டு, பேரைச் சொல்லி, சால்வை போர்த்துவது. மைக் செட் அண்ணனுக்குக் கடைசி. கடைசி என்றால் எல்லாரையும்விடப் பெரிய மரியாதை. சால்வை விழுந்தால் விழா உண்டு, இல்லையென்றால் அந்த வருஷத்தோடு சரி. நைனாவுக்குத் தூக்கமே போய்விட்டது.

சால்வை வாங்கிவரும் பொறுப்பை மாமா தானாகவே ஏற்றுக்கொண்டார். விழாவுக்கு முதல் நாள் செஞ்சிக்குப் போய் பொழுது சாயத் திரும்பி வந்தார். அம்மா பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே அரக்குச் சிவப்பில், முழ அகலத்துக்கு ஜரிகை போட்ட சால்வைகள் இருந்தன. இரண்டே இரண்டு.

"இன்னாடா, ரெண்டுதான் இருக்குது?"

"நல்லதா ரெண்டு வாங்கிட்டேன்க்கா. மட்டமானதா ஆளுக்கு ஒண்ணு வாங்கினா ஒரு தபா தொவைச்சதும் கைக்குட்டை ஆயிடும். மரியாதை பண்றதுன்னா மரியாதையா பண்ணணும்."

நைனா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாமா அவருக்கு எதிரே உட்கார்ந்து திட்டத்தை விளக்கினார். மேடைக்கு இரண்டு பக்கம் படி. இடது பக்கம் ஏறி, சால்வை வாங்கிக்கொண்டு, வலது பக்கம் இறங்குவார்கள். மே மாத வெக்கையில் எவன் ஜரிகையைப் போர்த்திக்கொண்டு நிற்பான்? இறங்கியதுமே எடுத்துவிடுவான். படிக்கட்டடியில் ஒரு ஆள் நிற்க வேண்டியது. "குடுங்க, மடிச்சுப் பையில போட்டுத் தர்றேன்" என்று வாங்க வேண்டியது. மேடைக்குப் பின்னாலேயே ஓடி இடது பக்கம் தாம்பாளத்தில் வைக்க வேண்டியது. ஒன்று மேடையில், ஒன்று ஓட்டத்தில். விழா முடிந்து கிளம்பும்போது ஒவ்வொருத்தர் கையிலும் வாய் தைத்த ஒரு மஞ்சள் பை. உள்ளே வேர்க்கடலை.

"வீட்டுக்குப் போயி பையைப் பிரிச்சுப் பாத்தா?" என்றாள் அம்மா.

"கடலை இருக்கும். கடலை வேணாம்னு நம்ம பக்கத்துல எவன்னா சொல்வானாக்கா?"

படிக்கட்டடியில் நிற்கும் ஆள் நான்தான் என்று தீர்மானமாயிற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக் கூடத்தில் ஒத்திகை நடந்தது. அம்மாதான் சாம்பார் அத்தை, அம்மாதான் வேன் டிரைவர், அம்மாதான் பெரியவர். போர்வையைத் தோளில் வாங்கிக்கொண்டு அம்மா நடந்து வர, நான் அதைப் பிடுங்கிக்கொண்டு சமையலறை வழியாகச் சுற்றி ஓடினேன். நைனா இதையெல்லாம் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் வெயில் தணிந்ததும் களம் நிறைந்துவிட்டது. ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. முன் வரிசை நாற்காலிகளில் உழைக்கிறவர்கள் தலை வாரி, சலவை வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஊரே கேட்க வேண்டும் என்று மைக் செட் அண்ணன் தெருக்கோடிக் கம்பத்தில்கூட ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார். கட்டியதோடு சரி, யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆம்ப்ளிஃபயர் மேலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கையைப் பார்க்கிறபோதெல்லாம் நைனா வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டார்.

மாமா முதலில் வேன் டிரைவரைக் கூப்பிட்டார். "திரு" போட்டு, முழுப் பெயரைச் சொல்லி, "அவர்களே" என்று முடித்தார். டிரைவர் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகுதான் அது தன் பெயர் என்று புரிந்து, ஓடிவந்து ஏறினார். நைனா சால்வையைப் போர்த்தினார். டிரைவர் வலது பக்கம் இறங்கிய வேகத்தில், "புடி பாப்பா, வேர்க்குது" என்று தானே கழற்றி என்மேல் போட்டார். நான் பறந்தேன். அடுத்தது மோட்டார் கொட்டகைப் பெரியவர். அவர் சால்வையைத் தானே நிதானமாக நாலாக மடித்து, "பை எங்க? போடு பாக்கலாம்" என்று நின்றார். நான் ஒரு பையில் போட்டுக் காட்டி, அவர் நாற்காலிக்குப் போகிற வரைக்கும் காத்திருந்து, மறுபடி உருவிக்கொண்டு ஓடினேன். மாமா மேடையிலிருந்து எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி கண்ணடித்தார்.

சிக்கல் சாம்பார் அத்தையிடம் ஆரம்பித்தது. அத்தை அடுப்பிலிருந்து நேராக மேடைக்கு வந்திருந்தார். தன் பெயரோடு "திருமதி" சேர்ந்து ஸ்பீக்கரில் கேட்டதுமே அழ ஆரம்பித்துவிட்டார். இறங்கி வந்தவர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பிறகு சால்வையை எடுத்து முதலில் கண்ணைத் துடைத்தார், அப்புறம் மூக்கை, அப்புறம் முழங்கை வரைக்கும் இருந்த மஞ்சளையும் எண்ணெயையும். "மடிச்சு வெய்யி கண்ணு" என்று கொடுத்துவிட்டுப் போனார். அது இனிமேல் எந்தத் தோளுக்கும் ஆகாது. ஓட்டத்தில் இருந்த சால்வை போய், மேடையில் இருந்தது மட்டும் மிஞ்சியது. நான் இடது பக்கம் போய் வெறுங்கையை விரித்துக் காட்டினேன். மாமா பேச்சை நிறுத்தாமலே தலையை மட்டும் ஆட்டினார். மிச்சம் இரண்டே பேர், சமாளித்துவிடலாம் என்று அர்த்தம்.

அந்த இரண்டு பேரில் முதலாமவர் டேங்கர்காரர். நைனாவைவிட மூத்தவர். வயலுக்கு அந்தப் பக்கம் காலனியில் வீடு. தன்னைப் போலவே நானும் அவரை அண்ணா என்று கூப்பிட வேண்டும் என்று நைனா எனக்குச் சொல்லி வைத்திருந்தார். எங்கள் தெருப் பிள்ளைகள் பெரும்பாலும் எதுவுமே சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பெயர் சொன்னதும் அவர் எழுந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டிருந்தார். நைனா அந்தக் கடைசிச் சால்வையைப் பிரித்து அவர் தோளில் போட்டு, இரண்டு பக்கமும் இழுத்துச் சரிசெய்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அவர் உடனே இறங்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் மெதுவாகப் படி இறங்கினார்.

"குடுங்கண்ணா, மடிச்சுப் பையில போட்டுத் தர்றேன்."

"இருக்கட்டும் பாப்பா."

"வேர்க்கும்ண்ணா."

"வேர்க்கட்டும்."

அவர் நாற்காலிக்குத் திரும்பவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு களத்தைவிட்டே வெளியே நடந்தார். மேடையில் மாமா மைக் செட் அண்ணனின் பெயரைச் சொல்ல ஆரம்பித்துவிட்டிருந்தார். அண்ணன் ஆம்ப்ளிஃபயரிலிருந்து கையை எடுத்து, சட்டையை நீவிவிட்டுக்கொண்டு எழுந்தார். தாம்பாளம் காலியாக இருந்தது. நைனா என்னைப் பார்த்தார். அந்த முகத்தை என்னால் தாங்க முடியவில்லை. சால்வையோடுதான் திரும்புவது என்று டேங்கர்காரர் பின்னால் ஓடினேன்.

களத்தின் இடது ஓரமாக வரப்பு வழி இருக்கிறது. அதில் இறங்கினால் காலனி கூப்பிடு தூரம். டிராக்டர் இல்லாதபோது அவர் அதில்தான் போவார், வருவார். அன்றைக்கு வலது பக்கம் திரும்பிக் கோயில் தெருவுக்குள் நுழைந்தார். நான் மூச்சு வாங்க அவரைப் பிடித்துவிட்டேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் பக்கத்திலேயே நடந்தேன். கம்பத்து ஸ்பீக்கரில் மாமாவின் குரல் கேட்டது. சால்வை வருகிற வரைக்கும் நேரத்தை ஓட்டுவதற்காக மைக் செட் அண்ணனின் அருமை பெருமைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் முதன்முதலில் வாங்கிய ஸ்பீக்கர், அதைக் கட்டிவந்த சைக்கிள், அந்த சைக்கிளின் பின்சக்கரம் என்று போய்க்கொண்டிருந்தது.

பாட்டு விழா ஒரே இரைச்சல் என்று வராமல் இருக்கிற சில பேர் எங்கள் ஊரில் எப்போதும் உண்டு. அவர்கள் தெரு நடுவில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தர், டேங்கர்காரரைவிட வயதில் சின்னவர், தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாடா அது, தோள்ல?"

டேங்கர்காரர் நின்றார். "மேடையில போட்டாங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தவும் இல்லை.

பெஞ்சுக்காரர் நம்பாதவர்போல என்னைப் பார்த்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சால்வையை ஏதோ தெருவில் கண்டெடுத்த மாதிரி கேட்கிறாரே என்று.

"எங்க நைனாதான் போட்டாரு. ஸ்பீக்கர்ல சொன்னாங்களே, உங்களுக்குக் கேக்கலையா?" என்றேன்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் மட்டும், "கேட்டுதும்மா" என்றார். நாங்கள் நடந்தோம்.

கோயில் தெரு முடிகிற இடத்தில் இன்னொரு வரப்பு இறங்குகிறது. இந்த மனிதர் வழி மறந்துவிட்டார் என்றே எனக்குப் பட்டது. அவர் சீக்கிரம் வீட்டுக்குப் போனால்தான் நானும் சீக்கிரம் கேட்டு வாங்கிக்கொண்டு ஓட முடியும்.

"ண்ணா, இப்டி எறங்குனா உடனே போயிடலாம்ண்ணா" என்றேன்.

அவர் என்னைக் குனிந்து பார்த்துச் சிரித்தார். "தெரியும் பாப்பா. பொறந்ததுலேர்ந்து அதுலதான போய்க்கினு இருக்கேன்" என்றார். சொல்லிவிட்டு மேலத்தெருவுக்குள் திரும்பினார். மேலத்தெருவையும் முழுக்க நடந்தார். வாசல் தெளித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு வீட்டில் டிவியை விட்டுவிட்டு வெளியே வந்து பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. கையை வீசி, நேராக, அவசரமே இல்லாமல் நடந்தார். அவர் ஒரு எட்டு வைத்தால் நான் இரண்டு எட்டு வைத்தேன்.

தெருக்கோடிக் கம்பத்தடிக்கு வந்தபோது ஸ்பீக்கரில் மாமாவின் குரல் நின்றுவிட்டது. கரகரவென்று வேறு ஒரு குரல் வந்தது. அது நைனா.

"சால்வை ரெண்டுதான் இருந்துது. ரெண்டும் தீந்துபோச்சு. இது என் துண்டு. வேர்வை இருக்குது, தப்பா நெனைச்சுக்காத. உன்னைய மறந்தது எங்க தப்பு. நீங்கள்லாம் இல்லன்னா எங்களுக்குப் பாட்டு ஏது..."

அதற்குமேல் அவருக்கு வரவில்லை. கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல் கேட்டது. மைக் செட் அண்ணன் ஒயரைப் பிடுங்கப் போகிறார் என்றே நினைத்தேன். அப்புறம் கைத்தட்டல் கேட்டது. அது வரவர உரத்துக்கொண்டே போனது. மைக் செட் அண்ணன் தன் கையாலேயே சத்தத்தைத் திருகி வைத்திருக்கிறார்.

"உங்க நைனா பேசறாரா?" என்று கேட்டார் டேங்கர்காரர். ஆமாம் என்றேன். அவர் கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "பேன்ஜோவை விட நல்லாத்தான் பேசறாரு" என்றார்.

காலனி முனையில் பிள்ளைகள் ஓடிவந்து அவரை மொய்த்துக்கொண்டார்கள். ஆளாளுக்கு ஜரிகையைத் தொட்டுப் பார்த்தார்கள். அதற்குமேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வரப்பு வழியாகவே களத்துக்கு ஓடினேன். நான் போய்ச் சேரும்போது பம்பை ஆரம்பித்திருந்தது. நைனாவின் பழைய துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மைக் செட் அண்ணன் முகமெல்லாம் பல்லாக ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்திருந்தார். மஞ்சள் பைகள் அதற்குள் பிரிந்துவிட்டிருந்தன. வேன் டிரைவர் கடலை உரித்துத் தின்றபடி மாமாவைத் திருட்டுப் பயல் என்று திட்டினார். மாமாவும் அதே பையிலிருந்து எடுத்துத் தின்றுகொண்டு ஆமாம் ஆமாம் என்றார். சாம்பார் அத்தை மட்டும் கறை படிந்த சால்வையைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த வருஷமும் ஒருத்தர் விடாமல் வந்தார்கள்.

மறுநாள் காலையில் நைனா பேன்ஜோவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது என்னைக் கூப்பிட்டு நடந்ததைக் கேட்டார். நான் முழுக்கப் புகாராகவே சொன்னேன். பக்கத்தில் வரப்பு இருக்க, மனிதர் ஊரெல்லாம் சுற்றினார். கோயில் தெரு, மேலத்தெரு, ஒன்றுவிடவில்லை. என் கால் வலிக்கிறது. டீக்கடையில் வேறு என்னைச் சாட்சி சொல்ல வைத்துவிட்டார்கள். நைனா துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கடைசி வரைக்கும் கூடவே போனியா?"

"போனேன்."

"பின்னாலயே போனியா, பக்கத்துல நடந்தியா?"

"பக்கத்துலதான். பின்னால போனா எப்பிடிக் கேட்டு வாங்கறது?"

நைனா என்னை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார். மடியில் உட்கார்கிற வயது எனக்குத் தாண்டியிருந்தது. அவர் கண் கலங்கியிருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தார். வேண்டுமானால் இப்போதே காலனிக்கு ஓடி அந்தச் சால்வையை வாங்கி வந்துவிடுகிறேன் என்று அவரைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். வேண்டாம் வேண்டாம் என்று தலையைத் தடவிக் கொடுத்தார். போன காரியம் ஆகாமல் வெறுங்கையோடு வந்தவளை இந்த மனிதர் எதற்காக இப்படிக் கொண்டாடுகிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.